ரொட்டி அடுப்பில் இரண்டு தட்டு

புதுச்சேரி,
16–9–1958, செவ்வாய்.

தங்கை லெயோனிக்கு அகஸ்டினா எழுதுவது.

ஆண்டவர் கிருபையில் இங்கே நானும் உன் மகள் ஸ்டெல்லாமேரியும் சுகம். அங்கே நீயும் சகாயநாதனும் பையன்கள் இருவரும் சுகமென்று உன் கடிதத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். உடம்புக்கு முடியாதவர்கள் இத்தனை வேகமாக எழுத மாட்டார்கள்.

ஒரே உறையில் இரண்டு கடிதம் வைத்திருந்தாய். எனக்கு ஒன்றரைப் பக்கம், உன் மகளுக்கு நான்கு பக்கம். அவளுடையதையும் நான்தான் முதலில் படித்தேன். அவளிடம் சொல்லிவிட்டே படித்தேன். அதில் மூன்று பக்கம், பக்லாவா என்று நீங்கள் அந்த ஒரான் பட்டணத்தில் சாப்பிடுகிற தேன் பலகாரத்தின் செய்முறை. மீதி ஒரு பக்கத்தில், மதாம் அலெக்சாண்டர் விடுமுறை முடிந்து அக்டோபரில் ஒரானுக்குத் திரும்பும்போது அவருடன் நீயும் கப்பலேறி வந்துவிடு, அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் உன்னைப் பார்க்க வருவார், அன்றைக்கு இந்தப் பலகாரத்தை உன் கையாலேயே செய்து வை, ஒரான் தபாலாபீசில் வேலை பார்க்கிற அவர் மகனுக்கு இதென்றால் உயிர் என்று எழுதியிருந்தாய். பெண் பார்க்க வருகிறார்கள் என்ற வார்த்தை மட்டும் அதில் இல்லை. எனக்கு எழுதிய ஒன்றரைப் பக்கத்திலும் இல்லை. அதில் இருந்ததெல்லாம், உன் மகளை என் முதுமைக்குக் கைத்தடியாக வளர்த்து வைத்திருக்கிறேன் என்ற குற்றச்சாட்டுதான்.

மதாம் அலெக்சாண்டர் நேற்று முன்தினம் வந்து போனார். அவர் உனக்கு விமானத் தபாலில் எழுதாமல் இருக்க மாட்டார். அவருக்குத் தெரியாத சங்கதி ஒன்று இருக்கிறது. அதையும் சேர்த்து நானே எழுதிவிடுகிறேன்.

முதலில் உன் செய்முறை. 'மாவு, போதுமான அளவு' என்கிறாய். யாருக்குப் போதுமான அளவு? 'அடுப்பு மிதமான சூட்டில்' என்கிறாய். உன் வீட்டு அடுப்புக்குக் கதவும் சூடு காட்டும் முள்ளும் இருக்கலாம். இங்கே விறகடுப்பும் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ்வும்தான் என்பது இந்த வீட்டிலேயே பிறந்தவளுக்கு மறந்திருக்கக் கூடாது. ஆரஞ்சுப் பூத் தண்ணீர் என்று ஒன்று எழுதியிருக்கிறாய். பெரிய மார்க்கெட்டில் கேட்டதற்குச் சிரித்தார்கள். பன்னீர் வாங்கி வந்தேன். அங்கே கிடைத்த வாதுமைப் பருப்பு பழசாகி நெடி அடித்தது. ஆகவே பாதிக்கு மேல் பண்ருட்டி முந்திரி. தேன் மட்டும் உன்னுடையதைவிட நல்லது. செஞ்சிப் பக்கத்து மலையிலிருந்து கொண்டுவரும் மண்ணாங்கட்டி என்பவரிடம் வாங்கியது. அவர் கேட்காமலே சத்தியம் செய்ததால் எனக்குச் சந்தேகம் வந்து, ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். கரையாமல் அடியில் போய் உட்கார்ந்தது.

பலகாரத்தை விட்டுவிட்டு இன்னொன்று. 'பெற்றவளுக்குப் பிள்ளையைக் கேட்க உரிமை இல்லையா' என்று எழுதியிருக்கிறாய். 1946-இல் நீ சைகோனுக்குப் புறப்பட்டபோது அவளுக்கு மூன்றரை வயது. சகாயநாதனின் படைப்பிரிவு எங்கே போகுமென்று தெரியவில்லை, இரண்டே வருஷம் அக்கா, என்றாய். அங்கே பையன்கள் பிறந்தார்கள். அவர்களை யாரிடமும் விட்டுவைக்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் நீங்கள் ஒரானுக்கு மாற்றலாகிப் போனபோது கப்பல் கொழும்பில் இரண்டு நாள் நின்றிருக்கிறது. அங்கிருந்து படம் போட்ட அட்டை ஒன்று அனுப்பினாய். யானைப் படம். பின்பக்கத்தில் 'இங்கே மிகவும் புழுக்கம்' என்று எழுதியிருந்தாய். அந்த அட்டையை உன் மகள் ஒரு வருஷம் தன் அல்ஜீப்ரா புத்தகத்தில் வைத்திருந்தாள். நான் பார்க்காததுபோல இருந்தேன்.

கைத்தடி விஷயத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கைத்தடியை யாரும் லிசே பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிப் படிக்கவைப்பதில்லை. அவளுக்கு இன்னும் இரண்டு வருஷப் படிப்பு இருக்கிறது. அதை முடித்ததும் மெட்ராஸில் நான் படித்த கல்லூரியில் சேர்ப்பது என்பது என் ஏற்பாடு. அவளைக் கேட்டுச் செய்த ஏற்பாடு அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். நீயும் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை சாப்பாட்டு மேஜையைக் காலி செய்து, பழைய மேஜை விரிப்பைத் துவைத்துக் காயவைத்து அதன் மேல் விரித்தோம். ஈரத்துணிக்குள் ஊறிய மாவை எலுமிச்சை அளவு உருட்டி, காலி ஒயின் பாட்டிலால் தேய்த்து, அரிசி மாவு தூவி, பிறகு இரண்டு புறங்கையாலும் இழுத்து இழுத்து மெல்லிசாக்கினாள் ஸ்டெல்லா. கீழே உள்ள துணியின் பூவேலை தெரிய வேண்டும் என்று எழுதியிருந்தாய். முதல் மூன்று கிழிந்தன. வேலைக்கு வருகிற அஞ்சலாட்சி வாசற்படியில் உட்கார்ந்து முந்திரி இடித்துக்கொண்டே, "இன்னா பாப்பா இது, பலகாரமா கொசுவலையா? இதுல பூந்து வர்ற கொசுவுக்குத்தான் வவுறு ரொம்பும்" என்றாள். நான்காவது கிழியவில்லை. கோழி இறகால் நெய் தடவச் சொல்லியிருந்தாய். அவள் வாழை நாரைக் குஞ்சமாகக் கட்டிக்கொண்டாள். எட்டு அடுக்கு, அதன் மேல் சர்க்கரை கலந்த பருப்பு, அதன் மேல் இன்னும் எட்டு அடுக்கு. அடுப்புக்குப் போகும் முன்பே தட்டின் அடிவரை கத்தியை இறக்கிச் சாய்சதுரமாக வெட்டினாள். நான் மாவில் கை வைக்கவேயில்லை. உன் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்துச் சொன்னேன், அவ்வளவுதான்.

கிறிஸ்துமஸ் கேக்கை எங்கே வேகவைக்கிறோமோ அங்கேதான் இதையும் கொடுக்க வேண்டும். காலை ரொட்டியெல்லாம் வெளியே எடுத்த பிறகு ரொட்டிக்கடை சாமிக்கண்ணுவின் அடுப்பில் தணிந்த சூடு மதியம் வரை நிற்கும். ஸ்டெல்லாவுக்கு அன்று சம்பா கோயிலில் பீடத்துக்குப் பூ வைக்கும் முறை. தட்டை நான் கொண்டுபோகிறேன் என்றேன். போகும்போது இரண்டு தடவை சொன்னாள்: "வெளிய எடுத்த ஒடனே சூட்டோட தேன ஊத்திடுங்க பெரிம்மா. மூடிடாதீங்க, நமுத்துப் போவும்." தேன் பாட்டில் என் கூடையில் இருந்தது. உன் தாளும் இருந்தது.

நீ பன்னிரண்டு வருஷமாக இங்கே கிறிஸ்துமஸ் கொண்டாடவில்லையோ என்னவோ, சாமிக்கண்ணுவின் வழக்கத்தை நினைவுபடுத்துகிறேன். அவர் கேக்கை வெளியே எடுத்ததும் கம்பியால் இருபது முப்பது இடத்தில் குத்தி, ரம் ஊற்றி, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து, ஈரச் சாக்கால் இறுகச் சுற்றிக் கொடுப்பார். கேக் அப்படித்தான் ஊறிப் பதமாகும். இந்தத் தட்டையும் அவர் அப்படியேதான் பார்த்தார். பொன்னிறமாக, ஒவ்வொரு அடுக்கும் தனித்தனியாக எழும்பி வெளியே வந்தது. பார்த்த எனக்கே வியப்பாக இருந்தது. அவர் கம்பியால் குத்தினார். ரம் பாட்டிலை எடுத்தார். "ஊத்தட்டுமா டீச்சரம்மா?" என்று கேட்டார்.

லெயோனி, அவர் கேட்டார். கேட்காமல் ஊற்றிவிட்டார் என்று உனக்கு எழுத எனக்கு மிகவும் சுலபம். என் கையில் தாள் இருந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு மனப்பாடம். நான் தெருவைப் பார்த்தேன். ஒரு ரிக்‌ஷாக்காரர் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் துடைத்து முடிக்கும் வரை பார்த்தேன். நான் திரும்பியபோது சாமிக்கண்ணு சாக்கைக் கட்டிக்கொண்டிருந்தார். "முப்பது வருசமா ஒங்க ஊட்டு கேக்கு எங்கையிலதான் வேவுது, எனக்குத் தெரியாதா" என்றார்.

வீட்டில் ஸ்டெல்லா சாக்கை அவிழ்த்தாள். பதினாறு அடுக்கும் ஒன்றாக ஒட்டிக் கஞ்சியில் போட்ட அப்பளம்போல் கிடந்தன. ரம் வாடை கூடம் வரைக்கும் வந்தது. அஞ்சலாட்சி விரலால் தொட்டுப் பார்த்து, "சாராய அல்வா" என்றாள். ஸ்டெல்லா என்னைப் பார்த்து, "நீங்க அங்கதான இருந்தீங்க?" என்று கேட்டாள். இருந்தேன், அவர் வழக்கப்படி செய்துவிட்டார் என்றேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அவளும் நம்பினாள். அஞ்சலாட்சி தட்டைத் தேங்காய்த்திட்டில் இருக்கும் தன் வீட்டுக்கு எடுத்துப்போனாள். மறுநாள் வந்து, பிள்ளைகளுக்கென்று கொண்டுபோனதை எல்லாம் அவள் வீட்டுக்காரரே முடித்துவிட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்டதாகச் சொன்னாள்.

ஞாயிறு காலை நான் பூசைக்குப் புறப்படும்போது ஸ்டெல்லா மேஜை மேல் மாவு இழுத்துக்கொண்டிருந்தாள். நீங்கள் போய்வாருங்கள் என்றாள். அவள் பூசைக்கு வராத முதல் ஞாயிறு அது. கோயில் வாசலில் நான்கு பேர் விசாரித்தார்கள், தலைவலி என்றேன். பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டியவை இந்த வாரம் எனக்குக் கொஞ்சம் கூடிவிட்டன.

தட்டை அவளே கொண்டுபோய் அடுப்படியிலேயே நின்றிருக்கிறாள். நடந்ததை நேற்று சாமிக்கண்ணு எனக்குச் சொன்னார். அவர் மறுபடியும் பாட்டிலோடு வந்தபோது அதை வாங்கி மாடத்தில் வைத்துவிட்டு, "இது குடிக்காத பலகாரம் அண்ணே" என்றாளாம். அவருக்குச் சிரிப்பு. சிரித்துக்கொண்டே, "நேத்து டீச்சரம்மாவ ஊத்தட்டுமான்னு கேட்டேனே, ஒண்ணும் சொல்லலியே" என்றாராம். ஸ்டெல்லா என்ன சொன்னாள் என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லல. அதுவும் உங்கள மாரிதான்" என்றார்.

நாலு மணிக்கு மதாம் அலெக்சாண்டர் வந்தார். ஒரு நாள் முழுக்கத் தேனில் ஊற வேண்டும் என்று நீ எழுதியிருந்தாய். ஆறு மணி நேரம் போதும் என்று எழுதி வைத்துக்கொள். அவர் கடித்த சத்தம் எதிர் நாற்காலியில் இருந்த எனக்குக் கேட்டது. "ஒரான்ல எங்க பக்கத்து வீட்டு அரபுக்காரி செய்யற மாரியே இருக்கு. நெசமா நீயா செஞ்ச புள்ள?" என்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "டீச்சருக்குச் சமையக்கட்டுக்கு வழி தெரியுமான்னு லெயோனி கேட்டு எழுதியிருந்தா, நான் போய்ப் பாத்து எழுதறேன்னேன்" என்றார். இருபதடி தூரம்தான், வந்து பாருங்கள் என்றேன். அவர் மூன்று துண்டு சாப்பிட்டார். நான்காவதைக் கைக்குட்டையில் மடித்துக்கொண்டார். பிறகு கைப்பையைத் திறந்து மகனின் படத்தை எடுத்து மேஜையில் வைத்தார். தொப்பி வைத்துக்கொண்டு, ஒரு மோட்டார் சைக்கிள் மேல் கையை வைத்தபடி நிற்கிறான். மோட்டார் சைக்கிள் யாருடையது என்று நான் கேட்டேன். நண்பனுடையதாம்.

இந்த இடத்தில் என்ன நடக்குமென்று நான் எதிர்பார்த்தேன் என்பதை மறைக்கவில்லை. ஸ்டெல்லா வேண்டாமென்று சொல்வாள், எல்லாம் அத்தோடு முடியும் என்று உட்கார்ந்திருந்தேன். அவள் படத்தை எடுத்து மரியாதைக்குப் பார்த்துவிட்டு, அதை மதாமின் கோப்பைக்குப் பக்கத்தில் திருப்பி வைத்தாள். "மதாம், அக்டோபர்ல நான் உங்ககூட வரேன். எங்க அம்மாவப் பாக்க வரேன், கல்யாணத்துக்கு இல்ல. இப்பவே சொல்லிட்டா, என்னைக் கூட்டிட்டுப் போறதா வேணாமான்னு நீங்க யோசிச்சுக்கலாம்" என்றாள்.

மதாம் சிரித்தார். "வந்தப்புறம் பாத்துக்கலாம் புள்ள" என்றார்.

"அதுல பாத்துக்கறதுக்கு ஒண்ணுமில்ல மதாம். இன்னொரு துண்டு வைக்கட்டுமா?" என்றாள்.

அவர் வேண்டாமென்று சொல்லவில்லை. பலகாரத்தையும் சொல்கிறேன், அழைத்துப் போவதையும் சொல்கிறேன்.

அவர் போன பிறகு சமையலறையில் ஸ்டெல்லா தட்டுகளைக் கழுவினாள், நான் துடைத்தேன். எப்போது முடிவு செய்தாய் என்று கேட்டேன். "காத்தால" என்றாள். கடைசித் தட்டைக் கழுவும்போது மிச்சத்தைச் சொன்னாள். "நேத்து வரைக்கும் போவ வேணாம்னுதான் இருந்தேன் பெரிம்மா. பலகாரத்தக் குடுத்து, நல்லபடியா பேசி அவங்கள அனுப்பி வச்சிடலாம், அம்மாவுக்கு நாலு வரி எழுதிடலாம்னு இருந்தேன். போவாதன்னு நீங்க எம்மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, எதுக்குன்னுகூடக் கேட்டிருக்க மாட்டேன். இருந்திருப்பேன்."

நான் துடைத்த தட்டை மறுபடி துடைத்தேன். அந்த ஒரு வார்த்தையை அப்போதாவது சொல்லியிருக்கலாம் என்று நீ நினைப்பாய். காலம் கடந்திருந்தது. அதோடு, அப்படிச் சொல்லி எனக்குப் பழக்கமும் இல்லை. நம் அப்பாவை உனக்கு நினைவிருக்கும். நான் அவர் மகள்.

நேற்று பத்திரம் எழுதும் நொத்தேர் வீட்டுக்குப் போய், அவளை அனுப்பச் சம்மதமென்று கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டேன். மற்ற காகிதங்களுக்கு அலைய வேண்டியிருக்கிறது, அலைவேன். ஆகவே உனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. கைக்குக் கிடைத்த பிறகாவது இதைக் கேள்.

அவள் வாயால் சரியென்று சொல்லாமல் அந்தத் தபாலாபீஸ் பையனைப் பற்றி ஒரு பேச்சும் எடுக்காதே. எடுத்தால் நானே கப்பலேறி வருவேன். எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்பதை நம்பி இருக்காதே. வந்த வாரமே அவளை அங்குள்ள லிசேயில் சேர்த்துவிடு. சகாயநாதனுக்கு நேரமில்லை என்று எழுதாதே. அவருக்குச் சீட்டாட எத்தனை நேரம் இருக்கிறதென்று மதாம் அலெக்சாண்டர் சொன்னார். காபிக் கடைகளில் குண்டு வெடிப்பதாக இங்கே பத்திரிகையில் படிக்கிறேன். நீ எழுதுகிற கடிதங்களில் ஒன்றும் வெடிப்பதில்லை. எந்தத் தெருவில் போகலாம், எதில் கூடாது என்பதை நிஜமாகவே சொல்லிக்கொடு. வருகிற ஒவ்வொருவருக்கும் இந்தத் தேன் பலகாரத்தைச் செய்து காட்டச் சொல்லி அவளை நிற்கவைக்காதே. ஒரு தட்டுக்கு அரை நாள் ஆகிறது, அந்த அரை நாளில் அவள் படிக்கலாம்.

நீ அவளைப் பெற்றவள் என்பதில் எனக்கு வழக்கு இல்லை. ஆனால் அவளை உனக்குத் தெரியாது. காய்ச்சல் வந்தால் சொல்ல மாட்டாள். வழக்கத்துக்கு மாறாக வீட்டைப் பெருக்க ஆரம்பித்தால் நெற்றியைத் தொட்டுப் பார். கடலில் குளித்தால் இடது காது வலிக்கும். இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்று கேட்டால் வேண்டாமென்பாள், கேட்காமல் போட்டால் சாப்பிடுவாள். கோபம் வந்தால் கத்த மாட்டாள், மிகவும் மரியாதையாகப் பேசுவாள். ஞாயிறு மாலையிலிருந்து என்னிடம் மிகவும் மரியாதையாகப் பேசிக்கொண்டிருக்கிறாள்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று இந்தக் கடிதத்துக்கு அர்த்தம் செய்துகொள்ளாதே. மன்னிக்கவில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு நீ பதில் சொல்ல வேண்டியது என்னிடம் அல்ல, அவளிடம். அவள் கேட்பாள், கேட்கத்தான் வருகிறாள் என்று நினைக்கிறேன். அப்போது நீ தெருவைப் பார்க்காமல் இருந்தால் சரி. இந்தக் கடிதத்தை அவளிடம் காட்ட வேண்டாம்.

பையன்களுக்கு என் ஆசி. அக்காவை மதிக்கச் சொல். உன் வீட்டையும், அதற்கு வந்து சேரப் போகிறவளையும் ஆண்டவர் காக்கட்டும்.

கப்பலை விட்டு இறங்கியதும் எனக்கு எழுதச் சொல். சொல்லாமலே எழுதுவாள் என்று போன வாரம் வரை நிச்சயமாகச் சொல்லியிருப்பேன். இப்போது நீ ஒரு வார்த்தை சொல்லிவிடு.

அக்கா,
அகஸ்டினா